முத்திரையும் மெய்ப்பொருளும்

(திருக்கோவிலூரில் குடமுழுக்கு விழாவையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துரு)

திருச்சிற்றம்பலம்



அந்தகாசுரனை அடக்கி அருள் புரிந்த அட்டவீரட்டத் தலமாகிய இம்மூதூரில், குடமுழுக்குப் பெருவிழாவையொட்டிப் பேசுமாறு அடியேனைப் பணித்தீர்கள். அகவை எழுபதைக் கடந்தவன் யான். இளமையில் திருமடத்திலே தங்கித் தமிழும் சைவமும் பாடங்கேட்டவன். ஆதலின், பெரியபுராணத்தைப் பற்றியோ திருமுறைகளைப் பற்றியோ பேசுவான் என்றே எதிர்பார்த்திருப்பீர்கள். யானோ இன்று பழைய காசுகளைப் பற்றிப் பேச எண்ணி வந்துள்ளேன். பற்றறுக்கச் சொல்லும் மேடையில் பணத்தின் பேச்சா என்று யாரும் வியக்க வேண்டா. காசிலே தொடங்கினாலும் முடியும் இடம் மெய்ப்பொருள் நாயனார் திருவடியே.

இப்பொருளை எடுத்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அஃது என் வாழ்க்கையில் யான் செய்த ஒரு பிழை. அதனை முதற்கண் இவ்வவையின்முன் ஒப்புக்கொள்கின்றேன்.

திருமடத்திற் கல்வி முடித்து, இப்பகுதியிலுள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்த புதிது. பெண்ணையாற்றில் துணி வெளுக்கும் பெரியவர் ஒருவர் தம் பேரனுக்கு இரவில் எழுத்துச் சொல்லித்தரும்படி கேட்டார். யானும் ஓராண்டுக்குமேல் சொல்லிக் கொடுத்தேன். பையன் தேர்வில் வென்ற நாளில் அப்பெரியவர் என்னிடம் வந்து, முந்தானைத் துணியில் முடிந்து வைத்திருந்த மூன்று சிறு வெள்ளித் துண்டுகளை என் கையில் வைத்தார். வெள்ளம் வடிந்தபின் ஆற்றுமணலில் கிடைத்தவை என்றார். யான் வேண்டாவென மறுத்தும் கேட்கவில்லை. "ஆறு கொடுத்தது, ஐயா! என் வீட்டில் வேறு வெள்ளி இல்லை" என்று சொல்லிப் போய்விட்டார்.

அத்துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. மூலைகள் நறுக்கப்பட்டிருந்தன. அரசன் தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. ஏதோ பழைய அணியின் உடைசல் என்று முடிவு செய்தேன். அவற்றோடு சிறிது வெள்ளி சேர்த்து, திருநீறு வைக்கும் சம்புடம் ஒன்று செய்துதரும்படி தட்டாரிடம் கொடுத்தேன். அவர் முதியவர், கல்வி இல்லாதவர். துண்டுகளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "வாத்தியாரையா, இதிலே சூரியனைப்போல ஒரு குறி இருக்கிறது, இன்னும் ஏதேதோ குத்தியிருக்கிறார்கள். உருக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். "அதனால் என்ன? உருக்குங்கள்" என்றேன். அவர் மூசையில் இடுமுன் மீண்டும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். யான் தலையசைத்தேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. ஒருநாள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அதே வடிவான துண்டுகளைக் கண்டேன். நறுக்கிய மூலைகள், கதிரவன் குறி, பக்கத்தே வேறு குறிகள். கீழே முத்திரைக் காசுகள் என்று எழுதியிருந்தனர். அன்பர்களே! அப்போது என் கால்கள் தளர்ந்தன. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக ஆறு காத்துவந்த செல்வத்தை ஒரு நாழிகையில் நெருப்பிலிட்டவன் யான். கல்லாத தட்டார் கண்டார். கற்றதாக எண்ணிய யான் காணவில்லை.

இனி, அக்காசுகள் எத்தகையவை என்பதைச் சொல்லுகின்றேன். பாரத நாட்டின் மிகப் பழைய காசுகள் அவை. கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டளவில் வடபுலத்தே தோன்றிப் பின் நாடெங்கும் பரவின. வெள்ளியைத் தகடாகத் தட்டி, அத்தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டுவர். ஒவ்வொரு துண்டையும் தராசிலிட்டு, எடை மிகுந்தால் மூலையை நறுக்குவர். 32 குன்றி எடை, அஃதாவது ஏறத்தாழ 3.4 கிராம், அதன் பொதுவான நிறை. பின்னர்ச் சிறு உளிபோன்ற அச்சுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் அடித்துக் குறிகளைப் பதிப்பர். கதிரவன், மலைமுகடு, விலங்கு, மரம் என அக்குறிகள் பல. எழுத்து இல்லையே என்று யான் இகழ்ந்தேன் அல்லனோ? எழுத்தறியாத மக்களும் கண்டு தெளியுமாறு குறியாலே பேசிய காசு அது. தென்பாண்டி நாட்டிலே போடிநாயக்கனூரிற் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்புறத்தில் மீன் குறி காணப்படுகிறது. ஆதலின் வடபுலத்து முறையைத் தமிழ்ப் பாண்டியரும் தமதாக்கிக்கொண்டனர் என்று அறிஞர் கருதுவர்.

காலப்போக்கில் முறை மாறியது. கீழச்சு ஒன்றைப் பட்டடையில் பதித்துவிட்டு, அதன்மேல் காய்ச்சிய உலோக வில்லையை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்து ஓங்கி ஒரே அடியாக அடித்தனர். இருபுறமும் ஒரே அடியில் உருவம் பதிந்தது. கையால் அடிப்பதாகலின் ஒரு காசுபோல் மற்றொன்று இராது. ஒன்றில் உருவம் ஓரத்தில் விலகி நிற்கும். ஒன்றில் அச்சு நழுவி இரட்டையாய் விழுந்திருக்கும். ஒன்றில் எழுத்துப் பாதி காசில் பதிந்து, பாதி காற்றிலே போயிருக்கும். இஃது உலகின் பல நாடுகளிலும் இருந்த வழக்கமேயாம். இங்கிலாந்து நாட்டில் 1662 ஆம் ஆண்டளவிலேதான் சம்மட்டியால் அடித்த காசு நின்று, பொறியால் அடிக்கும் காசு முழுமையாக வந்தது. அதன் பின்னும் பழைய வெள்ளிக் காசுகளின் ஓரத்தை நறுக்கித் திருடுவோர் தொல்லை பொறுக்கலாகாமல், 1696 ஆம் ஆண்டில் அந்நாட்டார் அவற்றையெல்லாம் திரும்பப் பெற்றுப் புதுக்காசு அடிக்கலாயினர். அவ்வாண்டில் அந்நாட்டு அக்கசாலைக்குக் காவலராக அமர்ந்தவர் பேரறிஞர் நியூட்டன். விண்ணிலே கோள்களின் இயக்கத்தை ஆய்ந்தவருக்கும் காசின் ஓரத்தைக் காக்கும் பணி வந்து சேர்ந்தது!

நம் ஊருக்கு வருவோம். இவ்வூர் மலையமான்களின் தலைநகர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றப்படும் மலையமான் திருமுடிக்காரி இங்கிருந்து ஆண்டவன். அவனுடைய குதிரைக்கும் காரி என்பதே பெயர் என்று சங்க நூல்களால் அறிகின்றோம். நெடுங்காலம் அக்குதிரையைப் பாட்டிலே மட்டும் கண்டுவந்தோம். அண்மைக் காலத்தில் பெண்ணையாற்றுப் பகுதியிற் கிடைத்த சிறு செப்புக் காசுகளில் குதிரை உருவமும், மறுபுறத்தில் மலையும் வளைந்தோடும் ஆறுமாகிய குறிகளும் காணப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் மலையமான் என்ற பெயரே பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சங்ககாலத் தமிழ்க் காசுகளை அரிதின் முயன்று தொகுத்து ஆராய்ந்து, 1997 ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். 2021 ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியார்க்கு இவ்வூர் கடப்பாடுடையது. புலவர் பாடிய குதிரையும், அரசன் அடித்த குதிரையும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

மலையமான் காசு செம்பு. சேரர் வெள்ளியிலும் அடித்தனர். கரூரில் அமராவதி ஆற்றுப் பகுதியில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. அரசன் தலையுருவமும் அவற்றில் உண்டு. அக்காலத்தில் மிளகு வாங்கவந்த ரோமர் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளின் சாயல் அதில் இருக்கிறது என்று கூறுவர். வெள்ளி நம் நாட்டில் அரிது. பெரிதும் வணிகத்தால் வந்தது. வந்த வெள்ளியை நம்மவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64 அளவில் வெள்ளியிற் கலப்பைக் கூட்டினான். தமிழகத்திற் கிடைக்கும் ரோம வெள்ளிக் காசுகளோ மிகப் பெரும்பாலும் அவனுக்கு முற்பட்ட அகஸ்டஸ், டைபீரியஸ் என்போர் அடித்தவை. நல்ல வெள்ளி எது என்று பார்த்தறியும் கண் இங்கிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அந்தக் கண்ணுக்கு உரியவரை வண்ணக்கர் என்றனர். காசு நோட்டம் பார்ப்போர் என்பது அதன் பொருள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் என்போர் சங்கப் புலவர்கள். காசின் மாற்றைப் பார்த்த கையே கவியும் எழுதியது. யான் இப்பெயர்களை மாணாக்கர்க்குப் பல்லாண்டு பாடம் சொன்னவன். சொல்லுக்குப் பொருள் சொல்லத் தெரிந்தது. கைக்கு வந்த பொருளைக் காணத் தெரியவில்லை!

ஒரு காசு காசாவதற்கு மூன்று வேண்டும். முதலாவது மாற்று, அஃதாவது உலோகத்தின் தூய்மை. இரண்டாவது நிறை. மூன்றாவது முத்திரை. முத்திரை என்பது என்ன? முதலிரண்டிற்கும் யான் பொறுப்பு என்று அரசன் கொடுக்கும் வாக்கு. உரைகல்லும் தராசும் கையில் இல்லாத ஏழையும் ஏமாறாதிருக்கவே முத்திரை பிறந்தது. ஆதலின் முத்திரையை மதிப்பது அவ்வாக்கை மதிப்பதாகும். அதனைப் பொய்யிலே பதிப்பது அவ்வாக்கைக் கொல்வதாகும்.

முத்திரையை மதியாது உலோகத்தை மட்டும் மதித்த வரலாறும் உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898 ஆம் ஆண்டில் ரோமர்களின் பொற்காசுகள் 501 ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசர் தலையின்மேல் உளியால் வெட்டிய வடு இருக்கிறது. ஏன் வெட்டினர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த அரசனுடைய வாக்கு இங்குச் செல்லாது. பொன் மட்டும் செல்லும் என்று காட்ட வெட்டினர் என்பது ஒரு கருத்து. முத்திரையை அழித்துப் பொன்னைக் கொண்டனர். யான் செய்ததும் ஏறக்குறைய அதுவே. முத்திரையை அழித்து வெள்ளியைக் கொண்டேன். அவர்கள் அறிந்து செய்தனர். யான் அறியாமற் செய்தேன் என்பதே வேறுபாடு.

நம் சமய வரலாற்றுக்குள் காசு எவ்வாறு நுழைகிறது என்பதை இனிக் காண்போம். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தது. அடியார்க்கு அமுதளிக்க வேண்டி, ஆளுடைய பிள்ளையாருக்கும் ஆளுடைய அரசருக்கும் இறைவன் நாள்தோறும் பீடத்தின்மேல் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். அப்பர் திருமடத்தில் அமுது உரிய பொழுதில் நிகழ்ந்தது. பிள்ளையார் திருமடத்திலோ காலம் தாழ்த்தது. வினவிய காலத்து, பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர் என்று பணியாளர் கூறினர். வாசி என்பது, தரம் குறைந்த காசை மாற்றும்போது வணிகர் பிடித்துக்கொள்ளும் வட்டம். நாவரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவராகலின் அவர் பெற்றது குறையிலாக் காசு என்று புராணம் காரணம் கூறும். பிள்ளையார் திருவிருக்குக்குறட் பதிகம் பாடி, வாசியில்லாக் காசு பெற்றார்.

அன்பர்களே! இதிலே ஒன்றைச் சிந்தியுங்கள். இறைவன் கொடுத்த காசுக்கே வணிகன் வாசி கேட்டான்! அதற்காக இறைவன் அவனைச் சினந்ததாகப் புராணம் கூறவில்லை. வணிகன் தன் கடமையைச் செய்தான். இறைவனோ காசை மாற்றிக் கொடுத்தான்.

மற்றொரு நிகழ்ச்சி, நமக்கு அணித்தாகிய திருமுதுகுன்றத்தில் தொடங்குவது. திருநாவலூரில் அவதரித்த நம் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்கே பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு திருவருள் பிறந்தது. ஆற்றில் இடுமுன் சுந்தரர் அப்பொன்னிலிருந்து மச்சம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். மச்சம் என்பது, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துவைக்கும் மாதிரித் துண்டு. ஆரூரிலே எடுத்த பொன்னை மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்தது. மீண்டும் பாடினார், மாற்று நிறைந்தது. அங்கே பொன்னின் மாற்றை உரைத்துக் காட்டிய விநாயகப் பெருமான் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே வணங்கப்படுகிறார். ஆண்டவனின் தோழரே ஆண்டவன் தந்த பொன்னுக்கு மச்சம் வைத்தார். நம்பிக்கை வேறு, நோட்டம் வேறு என்பதைப் பெரியோர் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தனர்!

அவ்வுணர்வே கோயிற் கணக்காகக் கல்லில் ஏறியது. கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்குக் கொடுத்த பொன்னையெல்லாம் ஆடவல்லான் என்னும் பெயருடைய நிறைகல்லால் நிறுத்துக் கல்லில் வெட்டுவித்தான். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சுக்குக் கீழே மஞ்சாடிவரை, குன்றிவரை கணக்கு இருக்கிறது. பேரரசன் கொடுத்ததுதானே என்று எடை பாராது விடவில்லை. எடைக்கல்லுக்குக் கூத்தப்பெருமான் திருப்பெயரைச் சூட்டினர். தராசும் ஒரு திருச்சந்நிதி என்பது அதன் கருத்துப் போலும்! அம்மன்னன் தன் பெயரை நாகரி எழுத்தில் பொறித்து, புலியும் மீனும் வில்லும் அமைத்துப் பொன்னிலும் வெள்ளியிலும் காசு அடித்தவன்.

அவ்விராசராசனைப் பெற்ற தாய் வானவன்மாதேவி மலையமான் குலமகள், இந்நாட்டுப் பெண். இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் அவன் காலத்துக் கல்வெட்டு அவ்வம்மையார் வரலாற்றைச் சொல்கிறது. பாரி மகளிரை மலையர்க்கு அளித்தபின் கபிலர் இப்பெண்ணைக் கரையில் உயிர் துறந்தமையையும் அக்கல்வெட்டே சொல்கிறது. செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் நூறாயிரம் காணம் பரிசில் பெற்றவர் கபிலர் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும். நூறாயிரம் காணம் பெற்ற அப்புலவர் இறுதியில் பொன்னைத் தேடி இவ்வூருக்கு வரவில்லை. நண்பன் விட்டுச்சென்ற அடைக்கலத்தைக் கரைசேர்க்கவே வந்தார். ஆற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றைக் காணும்போதெல்லாம், பெற்ற காணத்தினும் காத்த வாக்கே பெரிது என்ற எண்ணம் எனக்கு எழும்.

இவ்வளவும் சொன்னபின், இவ்வூரின் தனிப்பெருஞ் செல்வத்திற்கு வருகின்றேன். சேதி நாட்டுத் திருக்கோவிலூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார், திருநீறும் சடைமுடியும் தாங்கிய திருவேடமே மெய்யான பொருள் எனக் கொண்டவர். போர்க்களத்தில் அவரிடம் பலகால் தோற்ற முத்தநாதன், உடலெங்கும் நீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்தான். காவலர் அனைவரும் வழிவிட்டனர். கடைவாயிலில் நின்ற தத்தன் மட்டும், அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்க என்று தடுத்தான். அவனையும் கடந்து உள்ளே சென்றான். நாயனார் எழுந்து வணங்கி, அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்தார். ஆகமம் ஓதுவான்போற் கட்டவிழ்த்தவன் தான் எண்ணிய கொடுமையைச் செய்து முடித்தான். ஓடிவந்த தத்தன் வாளை ஓங்கினான். குருதி சோர வீழ்கின்ற நாயனார் தம் கையால் அவனைத் தடுத்து, வந்தவர் நம்மவர் என்று உணர்த்தி, இவரை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடு என்று ஆணையிட்டார். தத்தன் அவ்வாறே விட்டுவந்து சொல்லும் மொழியைக் கேட்கும்வரை உயிரைத் தாங்கி நின்றார்.

காசின் மொழியிலே சொல்வோமாயின், முத்தநாதன் கள்ளக்காசு. மேலே வெள்ளி முலாம், உள்ளே ஈயம். ஆனால் மேலே பதிந்திருந்த முத்திரை சிவபெருமானுடையது. நாயனார் உலோகத்தை நோக்கவில்லை, முத்திரையை நோக்கினார். அரசன் அறியாமல் அடித்த முத்திரையாயினும் அஃது அரசன் முத்திரையே என்று தலைவணங்கினார்.

என் மாணாக்கன் ஒருவன் வகுப்பில் எழுந்து கேட்டான்: "ஐயா, கள்ளக்காசை மதித்தால் கள்ளக்காசுதானே பெருகும்? அரசர் செய்தது நாட்டுக்கு நல்லதா?" அன்று யான் விடை சொல்லவில்லை; வேடத்தின் பெருமையை மட்டும் விரித்துப் பேசி அவனை அமர்த்திவிட்டேன். அவன் முகத்தில் நிறைவில்லை. எனக்கும் நிறைவில்லை. நெடுநாள் கழித்து இக்காசுகளைப் பற்றிப் படித்தபோதே எனக்கு விடை கிடைத்தது. இன்று அவன் இவ்வவையில் இருப்பினும் இல்லையாயினும் அவனுக்கே சொல்கின்றேன்.

நாயனார் அந்தக் கள்ளக்காசை மாற்றக் கொடுத்த விலை யாருடையது? தம்முடைய உயிர். குடிமக்களுடைய பொன்னையோ, கோயிலின் நிலத்தையோ, தத்தனுடைய தலையையோ அவர் விலையாக வைக்கவில்லை. தமக்கு உரியதைக் கொடுத்து முத்திரையை மதித்தார். அதனால் அது தொண்டாயிற்று. பிறருக்கு உரியதைக் கொடுத்து மதித்திருந்தால் அது காவலின் பிழையாகியிருக்கும். வீழிமிழலையில் வணிகன் வாசி கேட்டது சரியே. ஏனெனில் அவன் கையிலிருந்தது பலருக்கு உரிய வாணிகம். சுந்தரர் மச்சம் வெட்டியதும் சரியே. ஏனெனில் அப்பொன் தமக்கென மட்டும் பெற்ற பொருள் அன்று. கோயிற் பொன்னைக் குன்றிமணிவரை நிறுத்ததும் சரியே. ஊர்ப்பொருளைக் காக்கும்போது வண்ணக்கனாக இரு. உன் பொருளைக் கொடுக்கும்போது மெய்ப்பொருளாக இரு. இவ்விரண்டையும் இடமாற்றிக் கொள்வதே உலகில் நிகழும் தீமைகளுக்கெல்லாம் வேராகும். பொதுப்பொருளை வேடத்தை நம்பி விட்டுவிடுகின்றோம். வாசலில் வந்து நிற்கும் ஏழை அடியாரையோ உரைகல்லில் தேய்க்கின்றோம்!

இதனையொட்டிக் குடமுழுக்குக் காணும் இவ்வூரார்க்கு அடியேன் சில விண்ணப்பங்களைச் செய்துகொள்கின்றேன். கோயிற் கருவூலத்திலும் உண்டியலிலும் பழங்காசு ஒன்று கிடைத்தால், செல்லாக்காசு என்று ஒதுக்கி மற்ற உலோகத்தோடு உருக்கக் கொடுக்க வேண்டா. எடையும் குறியும் எழுதிப் பதிவு செய்து, தொல்லியல் அறிந்தோருக்குக் காட்டுங்கள். ஆற்றிலும் நிலத்திலும் புதையல் கண்டோர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் தொட்டு வரும் முறை. நூறாண்டு கடந்த காசு தொல்பொருள் என்றும், அதனைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது என்றும் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, அன்பினாலும் செய்யுங்கள். நமக்கு அடுத்த சம்பையிலே அதியமான் நெடுமான் அஞ்சி பெயர் தாங்கிய பழந்தமிழ்க் கல்வெட்டு 1981 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அது பாறையில் இருந்தமையால் ஈராயிரம் ஆண்டு நின்றது. பாறையை யாரும் மூசையில் இட முடியாது. காசுக்கோ அந்தக் காவல் இல்லை. நம் கையே அதற்குக் காவல்.

வீடுதோறும் பழம்பெட்டியில் பாட்டிமார் முடிந்துவைத்த காசுகள் இருக்கும். பிள்ளைகளை அழைத்து, அவற்றைக் கையில் கொடுத்து, இது யார் அடித்தது, எதனால் ஆனது, என்ன குறி இருக்கிறது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டாலும் குறையில்லை. அக்கேள்வி உள்ளத்திற் பதிந்தாற் போதும். யான் தட்டாரைக் கேட்காமற் போன கேள்வி அதுவே. அவர் என்னைக் கேட்டார், யான் கேட்டுக்கொள்ளவில்லை.

அச்சம்புடம் இன்றும் என்னிடம் இருக்கிறது. இதோ, என் மடியில் இருக்கிறது. இதிலிருந்தே இன்று காலையும் நீறு எடுத்து அணிந்தேன். அதனைத் தொடும்போதெல்லாம் என் அறியாமை என் விரலிற் படுகிறது. அந்தகன் என்ற சொல்லுக்குக் குருடன் என்பது பொருள். கையில் இருப்பதைக் காணாத குருட்டை அடக்குவதற்காகவே இத்தலத்தில் பெருமான் சூலம் ஏந்தி நிற்கின்றான் என்று யான் எண்ணிக்கொள்வேன். மூன்று காசுகளின் முத்திரையை நெருப்பில் அழித்தேன். அவ்வெள்ளி இன்று திருநீற்றைத் தாங்குகிறது. நீறும் ஒரு முத்திரையே. யான் அழித்த முத்திரைக்கு ஈடாக, அழியாத முத்திரையை அதன் உள்ளே வைத்தருளினான் இறைவன் என்று ஆறுதல் கொள்கின்றேன். ஆயினும் ஆற்றங்கரையில் அப்பெரியவர் முடிச்சவிழ்த்துக் கொடுத்த அந்த மூன்று துண்டுகளை இன்னொருமுறை பார்க்கக் கிடைக்குமா என்று நெஞ்சம் கேட்பதை நிறுத்தவில்லை.

குடமுழுக்குக் காணும் அன்பர் அனைவரும் நிறைவும் தூய்மையும் உடைய பொன்போல் விளங்கி, மெய்ப்பொருள் நாயனார் போற்றிய திருவேடத்தின் நிழலில் நீடு வாழ, வீரட்டத்து இறைவன் திருவடிகளை வணங்கி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்